ஒரு கம்ப்யூட்டர், இரண்டு டைப்பிஸ்டுகள்

“உங்க வீட்டுல உன்னையத் தவிர வேற யாராவது பேனா பிடிச்சிருக்காகளாம்மா? நீ டைப் அடிக்க வந்ததே பெரிய காரியம். கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆசைப்படாத. அதுக்கு வேற வளர்ப்பு வேணும்.”

இதை என்னிடம் சொன்னவர் எங்கள் மேனேஜர். கோபத்தில் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, எனக்கு நல்லது சொல்கிற குரலில் சொன்னார்.  அவர் கேட்டது உண்மைதான். என் அப்பா மாந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர். அம்மா களையெடுக்கவும் நாற்று நடவும் போகிறவள். மம்சாபுரத்தில் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, அங்கேயே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப் படித்து, ஹையர் பரீட்சையும் பாஸ் செய்தேன். ரேஷன் கார்டையும் என் பாடப் புத்தகங்களையும் தவிர எங்கள் வீட்டில் அதுவரை அச்சடித்த காகிதம் என்று எதுவும் இருந்ததில்லை. என் சான்றிதழை அம்மா அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்தாள். எலி கடிக்காத இடம் அது ஒன்றுதான்.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில். பின்னால் தறிகளும் பேக்கிங் ஹாலும். முன்னால் ஒரு சின்ன ஆபீஸ். ஆபீஸில் டைப்பிஸ்டுகள் நாங்கள் இரண்டு பேர். மற்றவர் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் எங்களிடமும் தெலுங்கு வந்துவிடும். அக்கா டைப் அடிப்பதைக் கேட்க வேண்டும். எங்கேயும் தடுக்காமல், ஓட்டு வீட்டில் மழை பெய்கிற மாதிரி ஒரே சீராக இருக்கும். நான் அடித்ததில் அழித்த இடம் இருந்தால், அவரே திருப்பி அடித்து மேனேஜரிடம் என் பெயரில் வைத்துவிடுவார்.

போன ஆடியில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஒரு மூலையைக் கண்ணாடி போட்டு அடைத்தார்கள். ஏ.சி. வைத்தார்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜரின் மேசைக்கே உறை கிடையாது, கம்ப்யூட்டருக்குத் தையற்காரரிடம் கொடுத்து உறை தைத்துப் போட்டார்கள். பொருத்த வந்த ஆள் இரண்டு நாள் இருந்து மேனேஜருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் அதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவருக்கே அது மனதில் நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

“இனிமே லெட்டர், பில்லு எல்லாம் இதுலதான். டைப்ரைட்டர் ரெண்டையும் எடுத்துரச் சொல்லிட்டாக. விஜயதசமி அன்னைக்கு முதலாளி வாராக. அவுக முன்னாடி உங்கள்ல யாரு இதை ஓட்டிக் காட்டுதாகளோ அவுகளுக்கு இந்த நாற்காலி. ரெண்டு பேருக்கும் வரலைன்னா மதுரைலருந்து ஒரு பையன் வருவான். யாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லல. பேக்கிங் ஹால்ல வேலை கிடக்கு.”

பேக்கிங் ஹால் கேவலமான இடம் இல்லை. எங்கள் தெருவிலிருந்து எத்தனையோ பெண்கள் அங்கேதான் வேலை பார்த்தார்கள். ஆனால் அந்தப் பெண்களோடு நானும் உட்கார்ந்து பேண்டேஜ் சுருட்டினால், பத்து வருஷம் பஸ் ஏறிப் போய்ப் படித்தது எதற்கு என்று தெரு கேட்கும். எனக்குப் பிறகு ஒரு பெண்ணையும் பிளஸ் டூவுக்கு அனுப்ப மாட்டார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன். மேனேஜரின் பேச்சும் நெஞ்சில் கிடந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். அது அக்காவின் நாற்காலியும்தான் என்பதை யோசிக்காமல் இல்லை. யோசித்தேன், அதற்கு மேல் போகவில்லை.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஆபீஸ் விட்டதும் அங்கே போனேன். பெண்கள் வகுப்பு தனி, பையன்கள் வகுப்பு தனி. சொல்லிக் கொடுத்தவர் கல்யாணமாகாத இளைஞர். பையன்களுக்கு அவர் மவுஸ் பழக்குவதை வாசலில் காத்திருக்கும்போது பார்த்திருக்கிறேன். பையனின் கைமேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டுவார். ஐந்து நிமிஷத்தில் பையனுக்குப் பிடிபட்டுவிடும். எங்களை அப்படித் தொட முடியுமா? ஊர் பேசும். அவர் ஒரு மர ஸ்கேல் வைத்திருந்தார். எட்ட நின்றுகொண்டு ஸ்கேல் நுனியால் எங்கள் கையில் இருக்கும் மவுஸைத் தள்ளுவார். மாட்டை ஓரம் ஒதுக்குவது மாதிரி இருக்கும்.

“இடது பக்கம்மா. இன்னும். இன்னும். ஐயோ, தாண்டிருச்சு.”

முதல் நாள் அம்புக்குறியைத் திரையின் வலது ஓரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். நகர்த்திக்கொண்டே போனேன். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. அம்புக்குறி பாதியில் நிற்கிறது.

“சார், மேசை முடிஞ்சு போச்சு,” என்றேன்.

மற்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். “தூக்கி இந்தப் பக்கம் வச்சுக்கிட்டு மறுபடி இழும்மா,” என்றார் அவர். தூக்கினால் அம்புக்குறி விழுந்துவிடும் என்று நான் பயந்திருந்தேன். அது விழவில்லை. விட்ட இடத்திலேயே நின்றது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த கஷ்டம் இரட்டை கிளிக். என் விரல் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் யோசித்தது. டைப்ரைட்டரில் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தமாக, தனித்தனியாகத் தட்டிப் பழகிய விரல் அது. வீட்டுக்கு வந்து தரையில் ஒரு தீப்பெட்டியை வைத்து நகர்த்தியும் தட்டியும் பழகினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, தீப்பெட்டிய எதுக்கு வச்சுத் தேய்ச்சுக்கிட்டு இருக்க? குச்சி நமத்துப் போகப் போகுது.”

“பழகுதேம்மா.”

“எத?”

“வேலைய.”

“தீப்பெட்டி ஒட்டுத வேலைனா சிவகாசில கிடக்கே. அதுக்கா உன்னை அம்புட்டு தூரம் படிக்க வச்சோம்?”

 மறுநாள் பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்த அப்பா, காரியம் முடிந்ததும் அதே இடத்தில், நான் வைத்திருந்த வாக்கிலேயே திருப்பி வைத்தார்.

கீபோர்டு எனக்குச் சுலபம் என்று நினைத்திருந்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிந்த இடத்தில்தான் இருந்தன. ஆனால் வரி முடியும் இடத்தில் கை நின்றுவிடும். டைப்ரைட்டரில் வரி முடியப் போகிறது என்றால் மணி அடிக்கும், இடது கை தானாக எழுந்து உருளையைத் தள்ளிவிடும். இங்கே மணியும் இல்லை, தள்ளுவதற்கு உருளையும் இல்லை. நானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சொல்லிக் கொடுப்பவர் வந்து எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். அவ்வளவுதான், வரிகள் எல்லாம் உடைந்து, அங்கே பாதியும் இங்கே பாதியுமாகத் தொங்கின.

“வரி முடிஞ்சா அதுவே கீழ இறங்கிக்கிடும்மா. நீ பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே போ.”

எல்லாவற்றிலும் கஷ்டமானது அந்த நம்பிக்கைதான். அதுவே இறங்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டுக் கையை ஓடவிட எனக்கு வாரக்கணக்கில் ஆனது.

இன்னொன்றையும் அங்கே பார்த்துப் பழகினேன். ராஜபாளையத்துக் காற்றில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். மேசையில், புருவத்தில், டீயில்கூட. மவுஸின் அடியில் ஒரு ரப்பர் உருண்டை உண்டு. அது உருள்வதால்தான் அம்புக்குறி நகர்கிறது. அந்த உருண்டையோடு பஞ்சு உள்ளே போய், அங்கிருக்கும் சின்ன உருளைகளில் சுற்றிக்கொள்ளும். அதனால் வகுப்பு தொடங்கும் முன்பு மவுஸைக் கவிழ்த்து, வளையத்தைத் திருகி, உருண்டையை எடுத்து, பஞ்சைச் சுரண்டிப் போட்டுவிட்டுத்தான் உட்காருவோம்.

ஆபீஸில், மேனேஜர் சாப்பிடப் போகும் நேரத்தில் உறையை எடுத்துவிட்டுப் பழகினேன். அக்காவையும் கூப்பிடுவேன். கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்பார்.

“உள்ள வாங்கக்கா. தொட்டுத்தான் பாருங்களேன்.”

“நீ தொடு. நான் பாக்கேன்.”

“சென்டருக்கு ஒரு நாள் வாங்களேன், நான் கூட்டிட்டுப் போறேன்.”

“சின்னப் பிள்ளைகளுக்கு நடுவுல போயி உக்கார்ந்து, ஒரு பயகிட்ட ஸ்கேல்ல குத்து வாங்கவா? போடி. மணி அடிச்சா நகருத கை இது. இனிமேப் போயி எதைப் பழக?”

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தன் டைப்ரைட்டருக்குத் திரும்பிப் போய், அன்று கொடுக்கவே வேண்டாத கடிதத்தை எல்லாம் எடுத்து அடித்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஆபீஸைக் கழுவிவிட்டு, வாழைக்கன்று கட்டி, தறியிலிருந்து தராசு வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். ஆபீஸ் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது எப்போதும் அக்காதான். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு ஒரு வட்டம், அதன் நடுவில் துளி குங்குமம். ஒன்றுகூடக் கோணாது. பஞ்சிங் மெஷின், பெல், ஃபேன் சுவிட்ச் ஒன்றையும் விட மாட்டார். நான் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி அறைக்குள் அக்கா முதன்முதலாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதைப் பார்த்தேன். “கீ மேல வச்சிராதீங்க,” என்று மேனேஜர் வெளியிலிருந்து சத்தம் போட்டார். “எனக்குத் தெரியும்,” என்றார் அக்கா. பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்தார்கள். சாமிக்கு முன்னால் வைத்த கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது. நாங்களும் தொடவில்லை.

விஜயதசமி அன்று முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டேன். முதலாளி வந்தார். வயதானவர், தோளில் துண்டு. கண்ணாடி அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மேனேஜர் நின்றார். அக்கா வாசலோடு நின்றுகொண்டார்.

“நீங்க முதல்ல பாக்கீகளா?” என்று மேனேஜர் அக்காவைக் கேட்டார்.

“அவ பாக்கட்டும்.”

நான் உட்கார்ந்தேன். வெளிநாட்டுக்குப் போகிற ஒரு கடிதம் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அதைத் திறந்து, அளவுகளை மாற்றி, பிரிண்ட் எடுக்க வேண்டும். மவுஸில் கை வைத்தேன். அம்புக்குறி பக்கவாட்டில் போனது. மேலேயும் கீழேயும் போக மறுத்தது. மறுபடி இழுத்தேன். ஒரு துள்ளு துள்ளிவிட்டு நின்றுவிட்டது.  கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் இழுத்தேன். நகரவில்லை.

“நான் அப்பவே சொன்னேங்கய்யா,” என்றார் மேனேஜர் முதலாளியிடம், மெதுவாக. “அந்த மதுரைப் பையனை வரச் சொல்லிருவோம்.”

அந்த ஒரு கணம் நானும் அவரை நம்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கோளாறு என் கையில் என்றுதான் நினைத்தேன். பேனா பிடிக்காத வீட்டுக் கை. எழுந்துவிடலாம் என்று மவுஸை விடும்போது, மேசையில் ஒரு மஞ்சள் தீற்றல் தெரிந்தது. மவுஸைக் கவிழ்த்தேன். அடியில், அந்த உருண்டையின்மேல், காய்ந்து வெடித்த சந்தனமும் நடுவில் இருந்த குங்குமமும் கலங்கிக் கிடந்தன.

யார் வைத்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லோரும் நான் பார்க்கிற இடத்தைப் பார்ப்பார்கள்.

வளையத்தைத் திருகி உருண்டையை உள்ளங்கையில் கொட்டினேன். உள்ளே உருளைகளில் சந்தனம் பசையாக அப்பிக் காய்ந்திருந்தது. மேசையில் சாம்பிளுக்கு வைத்திருந்த பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு கிழித்து உருண்டையைத் துடைத்தேன். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து உருளைகளைச் சுரண்டினேன்.

“ஏம்மா, எதையாவது உடைச்சுக் கிடைச்சுப் போடாத!” மேனேஜர் பதறினார். “யாரு இதுல போயிச் சந்தனத்தை வச்சது? யாரு வச்சதுங்கேன்?”

 வாசலில் வளையல் சத்தம் கேட்டு நின்றது.

“பூஜைக்கு வச்சது சார்,” என்றேன்.

“அதான், யாருன்னு கேக்கேன்.”

அதற்குள் முதலாளி சிரித்துவிட்டார். “விடுய்யா. லாரிக்குச் சக்கரத்துல பொட்டு வைக்கோம்ல? இதுக்கும் அடியில உருளுத சாமான் இருக்கு, வச்சிருக்காக. சாமி காரியம். தாயி, நீ செத்த நேரம் எடுத்துக்க. அவசரமில்ல.”

உருண்டையைப் போட்டு வளையத்தை மூடினேன். அம்புக்குறி நான் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. கடிதத்தைத் திறந்தேன், மாற்றினேன். நடுவில் ஒரு வரி கூடியதும் மற்ற வரிகள் எல்லாம் தாமாக இறங்கி வழிவிட்டன. பிரிண்டர் கறகறவென்று இரைந்துகொண்டு காகிதத்தைத் தள்ளியது. முதலாளி அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தார். அழித்த இடம் எங்கே இருக்கிறது என்று தேடினார். இல்லை.

“எந்த ஊரும்மா?”

“மம்சாபுரம்யா.”

“அப்பா என்ன செய்தாக?”

“கூலி வேலைக்குப் போறாகய்யா. மாந்தோப்புக்கு.”

அவர் தலையை ஆட்டினார். மேனேஜர் என்னைப் பார்க்காமல், கம்ப்யூட்டர் உறையை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திங்கள்கிழமையிலிருந்து அக்கா பேக்கிங் ஹாலுக்குப் போனார். இரண்டு டைப்ரைட்டரையும் ஒரு தட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அக்கா தன் டைப்ரைட்டரைத் தானே துடைத்து, ரிப்பனைச் சுற்றி, உருளையைப் பூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆபீஸில் ஏ.சி. சத்தம்தான். அந்த அமைதி எனக்குப் பழகவே இல்லை. கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மழை நின்றுவிட்ட மாதிரி கை தயங்கும்.

ஒரு வாரம் கழித்துத்தான் ஹாலுக்குப் போக எனக்குத் தைரியம் வந்தது. அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு, சுருட்டிய பேண்டேஜ்களைக் காகிதத்தில் பொதிந்துகொண்டிருந்தார். ஒவ்வொன்றின் மடிப்பும் ஒரே அளவில் இருந்தது. என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

“சக்கரத்துக்கு வைக்குத மாதிரிதான்டி வச்சேன்,” என்றார். “வேற எதையும் நினைச்சு வைக்கல.”

“எனக்குத் தெரியும்க்கா.”

“கவுத்துப் பாத்தேன். உருண்டையா இருந்துச்சு. இதுதான் ஓடுது போலன்னு நினைச்சேன். நீ நல்லா ஓட்டணும்னுதான் அதுக்கும் வச்சேன்.” காகிதத்தின் ஓரத்தை நகத்தால் அழுத்தினார். “நீ சொல்லிருக்கலாம்லா, அக்காதான் வச்சாகன்னு.”

“சொல்லி என்னக்கா ஆகப் போகுது?”

“ஒண்ணும் ஆகாதுதான்.” அடுத்த பேண்டேஜை எடுத்தார். “நான் பொறவாட்டி நின்னுக்கிட்டு, நீ என்னையத் திரும்பிப் பாத்துருவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இருபது வருசமா அந்த ஆபீஸ்ல நான் எதுக்கும் பயந்ததில்ல.”

 நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பத்துப் பதினைந்து பேண்டேஜ் பொதிந்தேன். என் மடிப்பு கோணியது. அக்கா அவற்றைப் பிரித்துத் திருப்பி மடித்து, என் பக்கத்துக் குவியலிலேயே வைத்தார்.

இப்போது இரண்டாவது கம்ப்யூட்டர் வரப்போகிறது. ஏற்றுமதி கூடியிருக்கிறது, ஒரு ஆளால் முடியவில்லை. மேனேஜர் மதுரைப் பையனுக்குச் சொல்லியனுப்பலாம் என்கிறார். போன வெள்ளிக்கிழமை நான் மேனேஜரிடம் கேட்காமல் முதலாளியின் அறைக்குப் போனேன். அந்த நாற்காலிக்கு வெளியாள் வேண்டாம், அக்காவுக்கு நான் சொல்லித் தருகிறேன், தை வரைக்கும் நேரம் கொடுங்கள் என்றேன். 

“அன்னைக்கு ‘அவ பாக்கட்டும்’னு அவுகதானே ஒதுங்குனாக?” என்றார்.

“அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நாற்காலிதான்யா இருந்துச்சு.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பாப்போம்,” என்றார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அக்காவிடம் போய், திங்கள்கிழமை ஹால் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொன்னேன். தெலுங்கில் என்னவோ திட்டினார். எனக்குப் புரியவில்லை. வருவார் என்று மட்டும் புரிந்தது.

இன்று காலை வாட்ச்மேனிடம் சாவி வாங்கி ஆபீஸைத் திறந்தேன். அக்கா வந்தார். கண்ணாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே இரண்டு நாற்காலி இல்லையே என்று பார்த்தார். நான் பேக்கிங் ஹாலிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டேன்.

“நீங்க அதுல உக்காருங்கக்கா,” என்றேன்.